கொம்பியூட்டருக்குள் ஒரு காணி

பதுளை பஸ் நிலையத்துக்குத் திரும்பும் முடக்கில் ஷுக்ரியின் கொமினிகேஷன் கடை இருந்தது. முன்பக்கம் போட்டோ கொப்பி மெஷினும் இரண்டு டெலிபோன்களும். உள்பக்கம் பலகைத் தட்டி அடித்த ஐந்து சிறிய அறைகள். அறைக்கு ஒரு கொம்பியூட்டர். இது நடந்தது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டில். அந்தக் காலத்தில் இன்டர்நெட் பார்க்க வேண்டுமென்றால் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் பஸ் ஏறி அங்கேதான் வருவார்கள்.

கடையைத் திறந்ததும் நிஷாந்தினிக்கு முதல் வேலை, கீபோர்டுகளைக் கவிழ்த்துத் தட்டிப் பிஸ்கட் தூளைக் கொட்டுவது. அதற்குப் பிறகு நாள் முழுக்க எழுத்துக்கூட்டிச் சொல்லும் வேலை.

"தங்கச்சி, ஹப்புத்தளைக்கு ஒரு 'பீ'யா, ரெண்டு 'பீ'யா?"

"ஒண்ணுதான் அண்ணே."

"நான் ரெண்டு போட்டேன், ஒண்ணுமே வரலியே!"

"ரெண்டு போட்டா எப்பிடி வரும்? அப்பிடி ஒரு எடமே இல்லேங்குது பாருங்க."

வந்தவர்களில் பாதிப்பேர் இப்படித்தான். நம்முடைய ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுத ஆளுக்கொரு எழுத்துக்கூட்டு இருந்தது. தமிழ்ப் பள்ளியில் படித்தவர் ஒரு மாதிரி, சிங்களப் பள்ளியில் படித்தவர் ஒரு மாதிரி, முதுகில் பையோடு வரும் வெள்ளைக்காரர் காதில் விழுந்தபடி இன்னொரு மாதிரி. யார் எங்கே பிழை விடுவார்கள் என்று அவர்கள் நாற்காலியில் உட்காரும்போதே நிஷாந்தினி சொல்லிவிடுவாள்.

ஒரு நாள் கொழும்புப் பையன் ஒருவன் பணம் கட்டிவிட்டு, பார்த்த பக்கத்தை மூடாமலே போய்விட்டான். மூடப் போனவள் வாசித்தாள். வாசித்து முடிக்க மதியச் சோற்றை மறந்துவிட்டாள்.

விஷயம் இதுதான். இன்டர்நெட்டில் ஒரு பெயரை வருஷ வாடகைக்குப் பதிந்து கொள்ளலாம். அது வெறும் காணி மாதிரி. அதில் கடை கட்ட வேண்டியதில்லை, எதையும் எழுத வேண்டியதில்லை. சும்மா நிறுத்தி வைத்தால் போதும். விளம்பரக் கம்பனி ஒன்று அந்தக் காணியில் தன் பலகைகளை நட்டுக்கொள்ளும். அந்தப் பெயரை யாராவது தட்டிக்கொண்டு வந்து, ஒரு விளம்பரத்தைப் பிடித்துப்போய் மவுஸால் அமத்தினால், காணிக்காரருக்குச் சில சதம். குறைந்த முதலோடு செய்யலாம். நல்ல பெயர்களையெல்லாம் பெரிய ஆட்கள் எப்போதோ வாங்கிவிட்டார்கள். மிஞ்சியிருப்பது மற்றவர்கள் யோசிக்காத பெயர்கள்.

"நானா!" என்று கத்திக்கொண்டே முன்பக்கம் ஓடினாள் நிஷாந்தினி. முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். "பிழையா எழுதுற ஊர்ப் பேரெல்லாம் சும்மா கெடக்கு நானா! ஒருத்தரும் வாங்கல!"

ஷுக்ரி போட்டோ கொப்பி மெஷினுக்குள் கையை விட்டுக் கசங்கிய தாளை இழுத்துக்கொண்டிருந்தார். "பிழைய எதுக்கு புள்ள காசு குடுத்து வாங்கணும்? நம்மகிட்ட இல்லாத பிழையா?"

அவள் விளக்கினாள். அவருக்கு விளங்கியபோது கையில் கரி படிந்திருப்பதையும் மறந்து நெற்றியில் தட்டிக்கொண்டார். அவரிடம் கடனட்டை இருந்தது. "சம்பளத்துல கழிச்சிக்கிறன், எடு" என்றார். ஹப்புத்தளை, பெரகல, எல்ல ஆகிய மூன்று ஊர்களின் பெயரோடு 'அறைகள்' என்ற சொல்லையும் சேர்த்து, ஊர்ப் பெயரில் மட்டும் ஆட்கள் வழக்கமாக விடும் பிழையை விட்டு, மூன்று பெயர்களை அவள் பதிந்தாள்.

அன்று மாலை ஊசிமலைத் தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே சொன்னாள்.

"அம்மா, நான் மூணு காணி வாங்கிட்டேன்!"

மாரியாயி முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். "காணியா? நமக்கா? எங்க?"

"கொம்பியூட்டருக்குள்ள."

"அதுக்குள்ள எப்பிடிடி எறங்குறது?"

மகள் சொன்னதில் மாரியாயிக்குப் பாதி விளங்கியது. ஆனால் 'நம்ம பேருல காணி' என்பது முழுதாக விளங்கிவிட்டது. நாலு தலைமுறையாக இருக்கும் லயத்துக் காம்பிரா, அந்த ஒற்றை அறைகூட அவர்கள் பெயரில் இல்லை, தோட்டத்துக்குச் சொந்தம். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பெயர் கொடுக்க நின்ற அத்தனை பேருக்கும் செய்தி போய்விட்டது. "எம் மக காணி வாங்கிட்டா! வேலி போட வேண்டியதில்ல, கொந்தரப்புக்கு ஆள் விட்டுப் புல்லு வெட்ட வேண்டியதில்ல, சும்மா கெடந்தாலே வெளையுதாம்!"

அம்மாவிடம் நிஷாந்தினி இன்னொன்றும் சொல்லியிருந்தாள். நூறு டொலர் சேர்ந்ததும் கம்பனியிலிருந்து செக் வரும். செக் வந்த நாளிலிருந்து அம்மா ஞாயிற்றுக்கிழமை மலை ஏறக் கூடாது.

தோட்டத்தில் ஞாயிறு லீவு. ஆனால் கொழுந்து அதிகமாக இருந்தால் விருப்பமானவர்கள் பறிக்கலாம்; கிலோவுக்கு இவ்வளவு என்று அன்றே கையில் கொடுப்பார்கள். அதற்குக் கைக்காசு என்று பேர். மாரியாயி கைக்காசுக்குப் போகாத ஞாயிறே இல்லை. முழங்கால் பலாக்காய் மாதிரி வீங்கியிருந்தும் போனாள்.

முதல் வருமானம் ஒன்பதாம் நாள் வந்தது. பன்னிரண்டு சதம், அமெரிக்கச் சதம்.

"யாரோ வந்துட்டுப் போயிருக்காங்க நானா! எந்த ஊர்க்காரங்களோ!"

"பிழையா எழுதுற மனுசரெல்லாம் நீடூழி வாழட்டும்!" என்று ஷுக்ரி கைகளை ஏந்தினார். அன்று கடையில் எல்லோருக்கும் அவர் செலவில் பிளேன்டீ.

அதன்பிறகு காசு சொட்டுச் சொட்டாக வந்தது. வந்ததெல்லாம் நேர்மையான காசு. யாரோ உண்மையாகவே அறை தேடி, பிழையாகத் தட்டி, அவளுடைய காணிக்கு வந்து, அங்கிருந்த விளம்பரத்தால் போகவேண்டிய இடத்துக்குப் போனார்கள். ஆனால் மாதங்கள் ஓடின. வருஷ வாடகை மறுபடியும் கட்டவேண்டிய நாள் நெருங்கியபோதும் கணக்கு எழுபது டொலரைத் தாண்டவில்லை.

"இன்னும் செக் வரலியா?" என்று பெரியாயி தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் மாரியாயியிடம் கேட்டாள். ஒரே மலையில் கூடக் கொழுந்து எடுப்பவள் அவள். "காணியில கல்லு கெடக்குதோ என்னமோ."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாரியாயிக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து மகளைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த விளம்பரத்த யாராச்சும் அமத்துனாத்தான காசு?"

"ஆமா."

"நாங்க அமத்துனா?"

"ஐயோ, அது கூடாதும்மா. சொந்த ஆளு அமத்தக் கூடாது, ஆள் வச்சும் அமத்தக் கூடாது. கம்பனி சட்டம்."

"சட்டம் போட்டவன் எங்க இருக்கான்?"

"அமெரிக்காவுல."

"அங்கேருந்து வந்து எங் கைய எண்ணப் போறானா? ஏன்டி, பழமே பழுத்துத் தொங்குது, மரத்த லேசா உலுக்கக் கூடாதுங்கிற!"

நிஷாந்தினி அம்மாவின் முழங்காலைப் பார்த்தாள். மேலே ஒன்றும் பேசவில்லை. அந்தப் பேசாமைதான் அவள் செய்த முதல் தப்பு.

அடுத்த ஞாயிறு காலை மாரியாயி கைக்காசுக்கு மலைக்குப் போகவில்லை. பெரியாயி, ஜெயலெட்சுமி என்று கூடக் கொழுந்து எடுக்கும் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் பதுளைக்கு வந்து இறங்கினாள். எல்லோரும் கோயிலுக்கு உடுத்தும் சேலையில் வந்திருந்தார்கள். ஞாயிறு காலையில் கடையில் ஆள் இருக்காது, ஷுக்ரியும் பிந்தித்தான் வருவார். ஐந்து அறைகளிலும் ஏழு பெண்கள் உட்கார்ந்தார்கள்.

"மேல நீலக் கோடு போட்டு ஒரு விளம்பரம் தெரியுதா? அதுல இந்த அம்ப வச்சு ஒரு தட்டு. அவ்வளவுதான்" என்றாள் நிஷாந்தினி. குரல் ஏனோ இறங்கித்தான் வந்தது.

"இது எலியா? கடிக்காதே?" என்றாள் பெரியாயி மவுஸைத் தொடாமல்.

"ஒன்னய எது கடிக்கும், அதுக்குத்தான் பல்லு போகும்" என்றாள் ஜெயலெட்சுமி.

கொழுந்து கிள்ளிக் கிள்ளி வேகம் ஏறிய விரல்கள் அவை. ஆளுக்கொரு போட்டி. "நான் எடுத்துட்டேன், நீ எத்தன?" என்று தட்டிக்கு மேலால் கத்திக்கொண்டார்கள். கம்பனிக்காரன் எல்லாவற்றையும் கணக்கில் எடுக்கவில்லை, எடுத்ததே போதுமாயிருந்தது. மாலையில் கணக்கைத் திறந்த நிஷாந்தினி இலக்கத்தை இரண்டு தரம் வாசித்தாள். நாலு மாதத்தில் ஏறாதது ஒரே காலையில் ஏறியிருந்தது!

"நூறுக்குக் கிட்டம்மா!" என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

மாரியாயி முழங்கால் வலியை மறந்து வாசலில் ஒரு சுற்றுச் சுற்றினாள். "உக்காந்த எடத்துல கைக்காசுடி! மழ இல்ல, அட்ட இல்ல, தராசுல நின்னு மல்லுக்கட்ட வேணாம்!"

மல்லுக்கட்டு என்று அவள் சொன்னது எடை எழுதும் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையோடு அன்றாடம் நடக்கும் சண்டையை. மடுவம் என்னும் கொட்டகையில் கொழுந்து நிறுக்கும்போது, ஈரம் என்று சொல்லி எடையில் ஆளுக்கு இரண்டு கிலோ வெட்டுவது அவர் வழக்கம். மாரியாயி விடமாட்டாள். "எங் கை பறிச்சத வெட்டுறதுக்கு நீங்க யாரு?" என்று கேட்டு மடுவத்தையே அதிர வைப்பாள். அதேசமயம், வெட்டு எப்படியும் விழும் என்று சாக்கின் அடியில் கொஞ்சம் முற்றிய இலையையும் அமுக்கிக் கொண்டு போவாள். அது வேறு கதை என்பது அவள் எண்ணம்.

இரண்டாவது ஞாயிறும் வந்தது. அதே ஏழு பேர், அதே சேலை. இந்த முறை இட்டலியும் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அன்று நேரத்தோடு வந்த ஷுக்ரி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எனத்தியன் இது, என்ன கூட்டம் தங்கச்சி? சங்கக் கூட்டமா?"

அதற்குள் ஒருவர் உள்ளே வந்தார். கையில் புதுத் தலையணை உறைகள் நிறைந்த பை. "தங்கச்சி, ஒரு கொம்பியூட்டர் கெடைக்குமா? அஞ்சு நிமிசம் போதும்."

பெரகலச் சந்தியிலிருந்து வந்த சிவஞானம் அவர். கொழுந்து மலையிலேயே பிறந்து, கட்டாருக்குப் போய் ஹோட்டலில் பாத்திரம் கழுவிச் சேர்த்த பணத்தில் சந்திக்கு மேலே மூன்று அறை கட்டியிருந்தார். உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விட. ஜெயலெட்சுமி எழுந்து இடம் கொடுத்தாள். உட்கார்ந்து எதையோ திறந்தவர் அடுத்த நிமிஷமே துள்ளி எழுந்தார்.

"கூடியிருக்கு! தங்கச்சி, இங்க வந்து பாரேன், இன்னிக்குக் காலையிலயே இவ்வளவு கூடியிருக்கு!"

"என்ன அண்ணே கூடியிருக்கு?"

"நம்ம விளம்பரம்! காசு கட்டி இன்டர்நெட்ல போட்டிருக்கேன். மாசக்கணக்கா ஈ ஓட்டுச்சு. போன ஞாயிறு பாரு, திடீர்னு அவ்வளவு பேர் அமத்தியிருக்காங்க! சரி, சீசன் தொடங்கிருச்சுன்னு ரெண்டு மெத்த தவணைக்கு எடுத்துட்டேன். ஒருத்தரும் வரலியேன்னு யோசிச்சேன். இன்னிக்கு மறுபடி! வரப் போறாங்க, நிச்சயமா வரப் போறாங்க!"

அவர் முன்பக்க டெலிபோனுக்கு ஓடினார். கடை முழுக்கக் கேட்கும்படி பேசினார்.

"சுலோஜனா! கோழிய அடிச்சிடு! ஆமா, பெரிசையே அடி! எத்தன பேரா? எண்ணவே முடியல, இப்பக்கூட கூடிக்கிட்டிருக்கு! துவாரகாவுக்குப் புதுச் சட்டையப் போட்டு வாசல்ல நிறுத்து!"

நிஷாந்தினி அவர் விட்டுப்போன திரையைப் பார்த்தாள். 'துவாரகா இன், பெரகல' என்றிருந்தது. தன்னுடைய காணியில், மேலே, நீலக் கோட்டில் அவள் நூறு தடவை பார்த்த பெயர். அது ஒரு பிள்ளையின் பெயர் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. கம்பனி என்றால் அமெரிக்கா, அமெரிக்கா என்றால் அள்ள அள்ளக் குறையாத காசு என்றுதான் நினைத்திருந்தாள்.

"நிஷா, எனக்கு நீலக் கோடு மறுபடி வரமாட்டேங்குது, வந்து பாரு!" என்று மூன்றாவது அறையிலிருந்து பெரியாயி கத்தினாள்.

அன்று காலைதான் கணக்கு நூறைத் தாண்டியிருந்தது. மாத முடிவில் செக் புறப்படும். அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். சிவஞானம் சீசன் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"கையெடுங்க!" என்றாள். சொன்னது அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி கத்தினாள். "எல்லாரும் கையெடுங்க! அமத்தாதீங்க!"

டெலிபோனை வைத்துவிட்டுச் சிவஞானம் திரும்பினார். நிஷாந்தினி அவர் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, ஒருத்தரும் வரமாட்டாங்க. அமத்துனது நாங்கதான். போன ஞாயிறும் நாங்கதான்."

அவர் முதலில் சிரித்தார், பகிடி என்று நினைத்து. பிறகு தட்டிகளுக்கு மேலால் எட்டிப் பார்த்த ஏழு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

மாரியாயி எழுந்து வந்தாள். "தம்பி, தப்பா நெனைக்காதீங்க. நாங்க எடுத்தது அமெரிக்காக்காரன் காசு. ஒங்க காசு இல்ல."

"அமெரிக்காக்காரனுக்கு எங்கேருந்துக்கா காசு வருது?" என்றார் சிவஞானம். "நாந்தான் காசு கட்டி வச்சிருக்கேன். ஒரு ஆள் அமத்துனா ஒரு தரம் வெட்டுவான். ஆள் வந்தாலும் வெட்டுவான், வராட்டியும் வெட்டுவான். போன கிழமையே முக்காவாசி வெட்டிட்டான்."

மாரியாயி அப்படியே நின்றாள். "வெட்டுவானா?"

"வெட்டுவான்."

"எங்க மடுவத்துல வெட்டுறாங்களே, அந்த மாதிரியா?"

"அதே வெட்டுதான்க்கா. எங்கம்மாவும் மடுவத்துல நின்னவதான். எனக்குத் தெரியாதா?"

மாரியாயி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். மற்றப் பெண்கள் தட்டிகளுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார்கள். ஷுக்ரிகூட மெஷினை நிறுத்திவிட்டார்.

"இவ்வளவு நாளா கணக்கப்பிள்ளையத்தான் களவாணின்னு ஏசிக்கிட்டிருந்தேன்" என்றாள் மெதுவாக. "இன்னிக்குத் தராசு எங் கையில இருந்திருக்கு."

அப்போதுதான் சிவஞானத்துக்கு நினைவு வந்தது. "ஐயோ, கோழி!" டெலிபோனுக்குப் பாய்ந்தார். பேசினார். வைத்தார். "அடிச்சிட்டாளாம். தோலும் உரிச்சாச்சாம்."

ஷுக்ரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுத்து ஜெயலெட்சுமி. கடைசியில் சிவஞானமே தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்துவிட்டார். மாரியாயி சிரிக்கவில்லை. சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"எந்திரிங்கடி எல்லாரும். ஆள் வருதுன்னு அந்தத் தம்பி வீட்டுல அடுப்பு எரியுது. அமத்துனவங்க போய்த்தான் ஆகணும். சாப்பாட்டுக் காசு நாம குடுக்குறோம்."

"நானும் வரவா?" என்றார் ஷுக்ரி.

"நீங்க அமத்துனீங்களா? கடையப் பாருங்க நானா."

மத்தியானம் பெரகலச் சந்தியில் பஸ் நின்றது. வாசலில் புதுச் சட்டையோடு நின்ற துவாரகா, "அம்மா, ஆளுங்க வந்துட்டாங்க!" என்று உள்ளே ஓடினாள். வெளியே வந்த சுலோஜனா ஏழு பெண்களையும் பார்த்துவிட்டு, "வெள்ளைக்காரங்க எங்க?" என்றாள்.

"இந்த மொற கொஞ்சம் கறுத்துப் போய் வந்திருக்காங்க" என்றார் சிவஞானம்.

பெரியாயி புது மெத்தையில் உட்கார்ந்து எழும்பிப் பார்த்தாள். சாப்பிட்டு முடித்து, வேண்டாம் வேண்டாம் என்று சுலோஜனா தடுக்கத் தடுக்க, காசை வைத்துப் பாத்திரமும் கழுவிக் கொடுத்துவிட்டுத்தான் புறப்பட்டார்கள்.

நிஷாந்தினி மட்டும் போகவில்லை. அவள் கடையில் உட்கார்ந்து, விளம்பரக் கம்பனிக்கு நடந்ததை நடந்தபடி எழுதினாள். பதில் நாலு வரியில் வந்தது. கணக்கை மூடிவிட்டார்கள், செக் இல்லை, பொய்யாக அமத்தியதற்கு வெட்டிய காசு விளம்பரம் போட்டவருக்குத் திரும்பும். மூன்று காணியும் அவள் பெயரில் இருந்தன. பலகைதான் ஒன்றும் இல்லை.

சிவஞானம் அந்த மாதமே மறுபடி கடைக்கு வந்தார். "தங்கச்சி, ஒன்னோட பிழைக் காணியில ஒண்ணு பெரகல பேருல இருக்காமே? அத எனக்கு வாடகைக்குத் தா. பிழையா தட்டுறவன் நேரா எங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கட்டும். நடுவுல கம்பனி எதுக்கு?"

நிஷாந்தினி வாய் பிளந்து நின்றாள். இந்த வழி இத்தனை நாள் கண்முன்னால் கிடந்திருக்கிறது! அன்று பின்னேரமே அந்தப் பெயரைத் தட்டினால் மூன்று அறைகளின் படமும், டெலிபோன் இலக்கமும், வாசலில் சிரிக்கும் துவாரகாவும் வந்தார்கள். இரண்டு கிழமை கழித்து, ஊர்ப் பெயரைப் பிழையாக எழுதிய ஒரு ஜெர்மன் தம்பதி உண்மையாகவே பஸ்ஸிலிருந்து இறங்கியபோது சிவஞானம் கடைக்குப் போன் எடுத்துக் கத்திய கத்தில் ஷுக்ரி ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

அந்த வாடகை பெரிய தொகை இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசுக்குச் சரியாக இருந்தது. ஆக, மாதத்தில் ஒரு ஞாயிறு மாரியாயி காலை நீட்டி உட்கார்ந்தாள். மற்ற ஞாயிறுகளில் மலைக்குப் போனாள்.

அப்படி ஒரு ஞாயிறு. கொழுந்து மடுவத்தில் மாரியாயியின் முறை வந்தது. கணக்கப்பிள்ளை சாக்கைத் தராசில் கொழுவப் போனார்.

"இருங்க" என்றாள் மாரியாயி. சாக்கை வாங்கி, எல்லோரும் பார்க்கத் தரையில் கொட்டினாள். வெறும் பச்சைக் கொழுந்து. முற்றிய இலை ஒன்றுகூட இல்லை. மறுபடி அள்ளிப் போட்டாள்.

"இப்ப நிறுங்க. எஞ் சாக்குல பொய் இல்ல. இனி ஒங்க தராசுலயும் பொய் இருக்கக் கூடாது."

கணக்கப்பிள்ளை அவள் முகத்தைப் பார்த்தார். முள் நின்ற இடத்தை அப்படியே எழுதினார். ஒன்றும் வெட்டவில்லை. வரிசையில் அடுத்து நின்ற பெரியாயி தன் சாக்கைத் தானாகவே கீழே கொட்ட ஆரம்பித்தாள்.

"என்னடி, ஒனக்கும் புத்தி வந்திருச்சா?" என்றாள் ஜெயலெட்சுமி.

மாரியாயி திரும்பி, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"ஆள் தெரியாத காசுன்னு ஒலகத்துல ஒண்ணும் கெடையாதுடி. எங்க போய்ப் பொய்யா அமத்துனாலும், அந்தப் பக்கம் நம்மள மாதிரி ஒருத்தன் அடுப்ப மூட்டிக்கிட்டு ஆள் வரும்னு காத்துக்கிட்டிருக்கான். நம்ம கிலோவ வெட்டுனா நமக்கு வலிக்குதுல்ல? அப்ப அடுத்தவன் கிலோவ நாம வெட்டக் கூடாது."